காலண்டருக்குப் பின்னால்

பேத்தி சென்னையில் வீடு பார்க்கிறாள். போன தை மாதம் போன் வந்தது. "தாத்தா, ரெண்டு நாள் வந்துட்டுப் போங்க. உங்களுக்குச் சரின்னு பட்டா அட்வான்ஸ் கொடுத்துருவோம்." வலது கண்ணில் புரை எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இந்தக் கண்ணை நம்பி முக்கால் கோடி போடப் போகிறாளே என்று கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிவகாசியில் பொதிகை ஏறிவிட்டேன். பையில் சாத்தூர் காரச்சேவு நாலு பொட்டலம், சட்டைப் பையில் இஞ்ச் டேப். பட்டாசு ஆலையில் 36 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக்கு மேல் ஃபோர்மேன் வேலை. ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி அளந்த கை, டேப் இல்லாவிட்டால் நமநமக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனிக் கார் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டது. பெரும்பாக்கம் தாண்டி ஓர் இடம். பலூன் தோரணம், ஏலக்காய் டீ, குளுகுளு ஏசி. எங்களோடு இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு நிற்கிற மாதிரி எல்லோரும் மாடல் ஃபிளாட் வாசலில் நின்றோம். டை கட்டிய தம்பி ஒருவர், ரொம்ப மரியாதையான பிள்ளை, "அங்கிள், இதுதான் மாஸ்டர் பெட்ரூம்" என்று கையை நீட்டினார். நடுவில் கட்டில், அதன் மேல் பூப்போட்ட மெத்தை, இரண்டு பக்கமும் தாராளமாக நடக்க இடம்.

டேப்பை எடுத்தேன். கட்டிலின் நீளம் ஐந்தேகால் அடி.

"தம்பி, இதுல யாரு படுக்கிறது?"

அவர் சிரித்தார். பேத்தி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நம் வீடுகளில் போடுகிற கட்டில் ஆறேகால் அடி. அதைப் போட்டால் அந்த அறையில் அலமாரிக் கதவைத் திறக்க முடியாது. அலமாரியையும் அளந்தேன், ஆழம் ஒரே அடிதான், சட்டை மாட்டினால் தோள் வெளியே நிற்கும். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. எந்த அறைக்கும் கதவே மாட்டவில்லை. கதவு இருந்தால் அது திறக்கிற இடத்தை அறைதான் கொடுக்க வேண்டும், அறை சுருங்கித் தெரியும். பட்டப்பகலில் பதினேழு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எண்ணினேன். "எல்லாத்தையும் ஒரு நிமிஷம் அணைங்க தம்பி" என்றேன். அணைத்தார். சமையல்கட்டு சாயங்காலம் ஆறரை மணி மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் மேஜைக்குக் கூட்டிப்போய், இன்றைக்கே டோக்கன் போட்டால் மூன்று லட்சம் தள்ளுபடி என்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தள்ளுபடியை எங்கள் ஊர்க்காரனிடமே சொல்கிறார்களே! 100 ரூபாய்க்கு விற்க வேண்டிய வெடிக்கு 500 ரூபாய் என்று விலைப்பட்டியல் போட்டு, மேலே கொட்டை எழுத்தில் 80 சதவீதம் தள்ளுபடி என்று எழுதுகிற ஊர் எங்களுடையது. அந்தப் பட்டியலை அடிக்கிற ஆஃப்செட் பிரஸ்ஸும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அவர்கள் கொடுத்த வழவழப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். நீச்சல் குளம், பனைமரம், நீல வானம். பின்னட்டையின் அடியில் எறும்பு எழுத்தில், படங்கள் கற்பனையே என்று ஒரு வரி. வெடி லேபிளில் இருக்கிற பூ வேறு, வெடித்தால் வருகிற பூ வேறு என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இதெல்லாம் கெட்டிக்காரத்தனம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மாடல் ஃபிளாட்டைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. நானே மாடல் ஃபிளாட் போட்டவன்.

ஆலைக்கு ஆய்வுக்கு ஆபீசர் வருகிறார் என்றால், எப்படியோ முதல் நாளே எங்களுக்குத் தெரிந்துவிடும். நான் வேலை பார்த்த இடங்களில் ஓர் ஆலை, பேர் வேண்டாம். விடிவதற்கு முன்பே போய்விடுவேன். ஒவ்வொரு ரூம் வாசலிலும் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும், வாளியில் புது மணல். தரையில் புது ரப்பர் ஷீட். ஆட்கள் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டிய செம்புத் தகட்டைப் புளி போட்டுத் துலக்கி வைப்போம். இந்த ரூமில் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று எழுதின பலகையை ஈரத்துணியால் துடைப்போம். மருந்து கலக்குகிற ரூமில் இரண்டு பேர், செலுத்துகிற ரூமில் நாலு பேர், அதுதான் விதி. சீசன் நேரத்தில் அந்த நாலு பேர் ரூமில் எட்டோ ஒன்பதோ உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வு அன்றைக்கு மிச்சம் பேரைத் தூக்குவாளியோடு பின்னால் சீமைக்கருவேலங் காட்டுக்குள் அனுப்பிவிடுவேன். நான்தான் அனுப்புவேன், முதலாளி இல்லை. பொம்பளைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போகும், அதுகளுக்கு அரைநாள் லீவு மாதிரி.

ஒரு தடவை ஆபீசர் வந்தார், பார்த்தார், எழுதினார், இளநீர் குடித்துவிட்டுப் போனார். மூன்று மணிக்கெல்லாம் எல்லோரும் பழையபடி உள்ளே. பதினோராம் நாள் அதே வரிசையில் ஒரு ரூம் பிடித்துக்கொண்டது. உராய்வோ என்னவோ. கதவு வெளியே பார்த்துத் திறக்கிற கதவுதான், சட்டப்படி. ஆனால் கதவுக்கு வெளியே குழாய் காய வைத்த தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே எட்டுப் பேர். இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. இப்போதும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா" என்று அதுதான் முதலில் கேட்கும். நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன். இதுவரை "நல்லா இருக்கேன் தாயி" என்பதைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி எங்கள் பக்கத்து முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. முதல் வெடிச் சத்தம் கேட்டு என்ன ஏது என்று பார்க்க ஓடினவர்களும் அதில் அடக்கம். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, விபத்து நடந்த மறுநாள் பேப்பரில் வருவது அதே நாலு வாக்கியம்தான்: அளவுக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து, மரத்தடியில் வேலை, உள்குத்தகை. இந்த நாலும் ஆய்வு அன்றைக்கு மட்டும் கண்ணில் படாது. ஆய்வு செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வந்த நேரத்தில் பார்த்ததை எழுதினார்கள். நாங்கள் அந்த நேரத்தை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தோம்.

அதனால்தான் பேத்தியிடம் சொன்னேன், "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அவங்க கூப்பிட்டு நீ போனேல்ல, அது கணக்குலயே வராது."

திங்கள்கிழமை சாயங்காலம் வேளச்சேரிப் பக்கம் ஒரு பழைய ஃபிளாட்டுக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு வருஷக் கட்டடம், கைமாறுகிற வீடு. வீட்டுக்காரம்மா காபி கொடுத்தார், சந்தன ஊதுவத்தி மணத்தது, ஹால் பளிச்சென்று இருந்தது. நான் மேலே ஏறாமல் கீழேயே நின்று மீட்டர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிகள் என் தலைக்கு மேல் இருந்தன, படிக்கவே அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்குக் கீழே, என் இடுப்பு உயரத்தில், சிமெண்ட் வைத்து அடைத்த ஆணி ஓட்டைகள் நாலு நாலாக வரிசையாக இருந்தன. முன்பு பெட்டிகள் அங்கே இருந்திருக்கின்றன. ஏன் மேலே ஏற்றினார்கள்? 2015 டிசம்பர் வெள்ளம், இல்லையென்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். தண்ணீர் எவ்வளவு வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, சுவரே சொல்லிவிட்டது.

எங்களுடையது கந்தக பூமி. நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்தால் தெருவே குடத்தோடு நிற்கும். தண்ணீரைக் கண்டால் எங்களுக்கு மயக்கம். பேத்திக்கும் அந்த மயக்கம் உண்டு, ஏரி தெரிகிற பால்கனி என்றால் விலை கேட்காமலே தலையாட்டுவாள். நாங்கள் கண்மாய் என்பதை அந்தப் பக்கம் தாங்கல், ஏரி என்பார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அது தண்ணீரின் வீடு என்று உலகத்துக்கே தெரிந்த பிறகும் அதன் ஓரத்தில் நமக்கு வீடு தேடுகிறோம். ஊர்ப் பேரில் தாங்கலோ ஏந்தலோ வந்தால் கொஞ்சம் நின்று, கிராமக் கணக்கில் அந்த சர்வே எண் என்னவென்று இருக்கிறது எனப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

மேலே வீட்டுக்குள் போனோம். ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி பாத்ரூம் தரையில் ஊற்றினேன். பாதி, துவாரத்துக்குப் போகாமல் கதவுப் பக்கம் வந்தது. எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டேன், சமையல்கட்டுக் குழாய் நூலாக ஒழுகியது. வீட்டுக்காரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. பெட்ரூமில் கட்டில் தலைமாட்டுச் சுவரில், கண் உயரத்துக்கும் கீழே ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. காலண்டர் என்றால் என் கை தானாகப் போகும், எந்த பிரஸ் அடித்தது என்று அடியில் பார்ப்பது ஊர் வழக்கம். எங்கள் ஊர்தான். தூக்கினேன். பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் பொருமி, சுண்ணாம்பு பொரிந்து, பச்சையாகப் பூத்திருந்தது. அந்தப் பக்கம் பாத்ரூம்.

யாரும் பேசவில்லை. காலண்டரை மெதுவாக விட்டேன். அன்றைக்கு அதில் ராகுகாலம் ஏழரை ஒன்பது என்று இருந்தது.

அந்தம்மா கெட்டவர் இல்லை. வீட்டை விற்க வேண்டிய கஷ்டம் அவருக்கு. அவர் ஒளித்தார் என்று கோபப்பட்டு எழுந்து வருவதும் முட்டாள்தனம், அதைச் சரிசெய்ய ஆகிற செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். கண்டுபிடித்ததும் கத்துகிறவனுக்கு எதுவும் குறையாது. பேத்தியின் கணவர் கத்தத்தான் பார்த்தார், நல்ல பையன், ஆனால் கொதிப்பு ஜாஸ்தி.

செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு நான் மட்டும் ஆட்டோ பிடித்து, ஞாயிற்றுக்கிழமை பார்த்த கம்பெனி முன்பே கட்டி முடித்து ஆள் குடியிருக்கிற இன்னொரு குடியிருப்புக்குப் போனேன். என் அப்பா விருதுநகர் பருப்பு மண்டியில் கணக்கு எழுதியவர். எதுவும் விளையாத ஊர், எல்லாவற்றுக்கும் விலை வைக்கும் ஊர் என்று விருதுநகரைச் சொல்வார்கள். அங்கே மூட்டையின் வாயைத் திறந்து பார்த்து யாரும் சரக்கு வாங்க மாட்டார்கள். குத்தூசியை நடு வயிற்றில் இறக்கி, அதில் வருகிற பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் குடியிருப்பின் நடு வயிறு வேண்டியிருந்தது.

வாட்ச்மேன் அருப்புக்கோட்டைக்காரர். பேச்சிலேயே பிடித்துவிட்டேன். காரச்சேவுப் பொட்டலத்தை நீட்டினதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் மூன்று டேங்கர் லாரி உள்ளே போனது. "கோடையில எட்டு வரும் அண்ணாச்சி" என்றார். போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காதாம். இரண்டு லிஃப்டில் ஒன்று தீபாவளியிலிருந்து படுத்துக் கிடக்கிறதாம். படியில் ஏறிப் பார்த்தேன். தீப்பிடித்தால் இறங்க வேண்டிய பின்படிக்கட்டின் கதவுக்கு முன்னால் ஒவ்வொரு மாடியிலும் செருப்பு ஸ்டாண்ட், பழைய சைக்கிள், உடைந்த தொட்டில். நாலாவது மாடியில் அந்தக் கதவைத் தள்ளினேன். பாதிதான் திறந்தது.

அங்கேயே படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்ப்பதோடு முடியாது என்பதற்கும் சென்னையிலேயே சாட்சி உண்டு. மௌலிவாக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பதினோரு மாடிக் கட்டடங்கள். 2014 ஜூன் 28 அன்று மழையில் ஒன்று அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். இடி விழுந்தது என்று முதலில் சொன்னார்கள், கோளாறு கட்டுமானத்தில் என்பது பிறகு தெரிந்தது. மற்றொன்று இரண்டு வருஷத்துக்கும் மேலாக நின்றது. வெளியே பார்த்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்து அதைத் தகர்த்ததை டிவியில் பார்த்தேன். சில நொடிதான். தொழில்காரன் கண்ணுக்கு அது சுத்தமான வேலை. ஆனால் எனக்கு மனதில் நின்றது தூசி அடங்கின பிறகு இருந்த வெற்று வானம்தான். முந்தின நாள்வரை அதன் முன்னால் நின்று பார்த்திருந்தால் நானும் நல்ல கட்டடம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆகவே காகிதம். காகிதம் என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் வக்கீலிடம் தள்ளிவிடுகிறீர்கள். வக்கீல் பார்க்கட்டும், நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள். எங்கள் பட்டாசுத் தொழிலில் உள்குத்தகை என்றால் லைசென்ஸ் ஒருவர் பேரில், ஆலையை நடத்துவது இன்னொருவர், மருந்தில் கை வைப்பது மூன்றாமவர். கேள்வி வரும்போது மூன்று பேரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். வீட்டிலும் அதே கதை உண்டு. நிலம் ஒருவருடையது, பவர் ஒருவரிடம், கட்டுகிறவர் வேறு, விற்கிற கம்பெனி வேறு. தாய்ப் பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை பேர்கள் ஒன்றை ஒன்று கைபிடித்து வருகின்றனவா என்று பாருங்கள். நடுவில் ஒரு கை விட்டிருந்தால், அங்கேதான் கேட்க வேண்டும்.

2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை நம் பக்கத்து ஆட்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதன்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சாவி கொடுத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் கட்டியவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். விலையைக் கார்பெட் ஏரியாவுக்குக் கேளுங்கள், அதாவது சுவருக்குள் நீங்கள் கால் வைக்கிற இடத்துக்கு. பேத்திக்கு 1,180 சதுர அடி என்று சொன்ன வீட்டில் கால் வைக்கிற இடம் 790 சதுர அடிதான். மிச்சம் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா, சுவர். கிஃப்ட் பாக்ஸில் மேலே வெடி தெரியும்படி அடியில் அட்டையை மடித்து வைக்கிற கணக்கு எங்களுக்குப் பழக்கம்தான். பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். கட்டடம் கிழடாகும், மண் ஆகாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பேத்தி சோர்ந்துபோனாள். "அப்ப நாங்க வாங்கவே வேண்டாம்கிறீங்களா? முப்பது வயசாகப் போகுது, இன்னும் வாடகை வீட்டுல இருக்கோம்னு ஆபீஸ்ல சொல்லவே கூச்சமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்ததே அந்த ஒரு இடத்தில்தான். ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் காமராஜர் சென்னையில் திருமலைப் பிள்ளை ரோட்டில் வாடகை வீட்டில்தான் இருந்தார். 1975 அக்டோபர் 2 அன்று அந்த வாடகை வீட்டில்தான் உயிர் பிரிந்தது. அந்த வீடும் விருதுநகர் வீடும் இன்றைக்கு நினைவில்லம். பெருந்தலைவருக்கு வராத கூச்சம் உனக்கு எங்கிருந்து வந்தது தாயி என்று கேட்டேன். கேட்ட பிறகு, அவருக்கு ஈஎம்ஐ, பள்ளிக்கூட அட்மிஷன், வருஷா வருஷம் வாடகை ஏற்றுகிற ஹவுஸ் ஓனர் என்ற தொல்லைகள் இப்படி இருந்திருக்காதே என்றும் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை. கிழவன் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அதை உடனே தானே உடைக்கக் கூடாது.

அவள் அந்த இரண்டு வீட்டையும் விட்டுவிட்டாள். மாசி முழுக்க வேறு ஆறேழு வீடு பார்த்தாள். இரவு பத்து மணிக்குப் போய் மேல்வீட்டுச் சத்தம் கேட்கிறதா என்று நின்றாளாம். ஒரு வாட்ச்மேனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொடுத்தாளாம், அவர் சர்க்கரைக்காரர், வாங்கிக்கொள்ளவில்லையாம், ஆனால் பேசினாராம்.

பத்திரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தார்கள். கையில் பூத்தட்டோடு உள்ளே நுழைந்தவள், எங்கள் முன்ரூமில் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் தொங்குகிற காலண்டரைப் பார்த்து நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காலண்டரைத் தூக்கினாள். பின்னால் மேலிருந்து கீழாக ஒரு முழம் நீளத்துக்கு விரிசல், நடுவில் நான் என்றைக்கோ அப்பின சிமெண்ட் பாதி உதிர்ந்து நிற்கிறது.

"எப்ப இருந்து தாத்தா?"

"உங்க அம்மா கல்யாணத்துக்கு முந்தி இருந்து" என்றேன்.